விற்பதில்லை என்று முடிவெடுத்த முதியவர் தம் வீட்டில் நிலைத்திருக்க

ஒரு தெருவின் பழைய வீடுகளைக் கட்டுமான நிறுவனம் ஒன்று வரிசையாக வாங்கி வரும்போது, விற்க மறுத்து எஞ்சி நிற்கும் வீட்டில் வயது முதிர்ந்த ஒருவரோ ஒரு தம்பதியோ இருப்பதை உலகின் பல நகரங்களில் காண முடிகிறது. எவ்வளவு கொடுத்தால் விற்பீர்கள் என்று அவர்களிடம் கேட்பவர்கள் ஏராளம். இங்கேயே வாழ்வதற்கு என்னென்ன ஏற்பாடுகள் வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தர முயல்கிறது. வீட்டு உரிமையாளரான முதியவருக்காகவும், அவருடைய முடிவுக்குத் துணை நிற்க விரும்பும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அண்டை வீட்டார் ஆகியோருக்காகவும் இது எழுதப்படுகிறது.

மறுப்பதற்கு ஒரு சொல் போதும். அந்த மறுப்பைப் பல ஆண்டுகளுக்குக் காப்பாற்றத்தான் உழைப்பு வேண்டும். பெருந்தொகையைக் கண்டு மனம் மாறுவதால் மட்டுமே முதியவர்கள் வீட்டை விட்டுப் போவதில்லை. பிரிக்கப்படாத பங்கு, நிலுவையில் கிடக்கும் வரி, படித்துப் பார்க்காமல் இட்ட கையெழுத்து, மழைக்கு ஒழுகும் கூரை, ஏனென்று கேட்க ஆளில்லாத தனிமை ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் அந்த உறுதி தளர்கிறது. ஆகவே நிறுவனத்தாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்கு முன், நம் பக்கத்தில் எது சரியாக இல்லை என்று கண்டறிந்து அதைச் சரிசெய்வதே முதல் வேலை.

பத்திரம் யார் பெயரில் இருக்கிறது

நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீடு தம்முடையது என்பதில் முதியவர்களுக்கு ஐயமே இருப்பதில்லை. ஆனால் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், அது காலமான கணவர் பெயரிலோ, மாமனார் பெயரிலோ, அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பெயரிலோ இருக்கக் கூடும். அனுபவத்தில் இருக்கும் உரிமையும் ஆவணத்தில் இருக்கும் உரிமையும் வேறுபடும் இடத்தைத்தான் நிலம் வாங்குவோர் முதலில் தேடுகிறார்கள். உங்களிடம் பேச வருவதற்கு முன்பே அவர்களுடைய வழக்கறிஞர் அந்தச் சொத்தின் ஆவணங்களை அலசியிருப்பார் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பானது.

கூட்டுரிமையில் உள்ள வீட்டுக்கு வரும் ஆபத்தைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். பல நாடுகளின் சட்டப்படி, பங்குதாரர் ஒருவர் தம் பங்கை மட்டும் வெளியாருக்கு விற்கலாம். வெளியூரில் வசிக்கும், பணத் தேவையில் இருக்கும் உறவினர் ஒருவரிடமிருந்து அந்தச் சிறு பங்கை வாங்கிவிட்டால், கட்டுமான நிறுவனமே உங்களுடைய கூட்டு உரிமையாளராகிவிடுகிறது. அதன் பிறகு அது பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடரலாம். ஒரே வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால், முழுச் சொத்தையும் விற்றுப் பணத்தைப் பங்கிடுமாறு உத்தரவிடவும் கூடும். முதியவர் ஒருமுறைகூடச் சம்மதம் சொல்லாமலேயே அவருடைய வீடு ஏலத்துக்கு வருவது இந்த வழியில்தான். இதைத் தடுக்க வேண்டுமானால், நிறுவனம் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே உடன்பிறந்தாரையும் வாரிசுகளையும் அழைத்துப் பேசி, அவர்களுடைய பங்குக்குரிய நியாயமான தொகையைக் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் பெறுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், பங்கை விற்பதானால் முதலில் குடும்பத்தாருக்கே தர வேண்டும் என்றும், முதியவர் உயிரோடு இருக்கும்வரை பிரிவினை கோருவதில்லை என்றும் எழுத்துமூலம் உடன்பாடு செய்து, சட்டம் இடம் கொடுக்கும் இடங்களில் அதைப் பதிவும் செய்துவிடுங்கள். உறவுக்குள் எழுத்து எதற்கு என்று தயங்குபவர்கள் உண்டு. ஆனால் உறவு கசக்காமல் இருப்பதற்கு எழுத்தே பெரிய துணை என்பது என் கருத்து.

அடுத்து வரி, கடன், எல்லை ஆகியவற்றைச் சரிபாருங்கள். சொத்து வரி பாக்கி நீண்டகாலம் சேர்ந்தால் வீட்டையே ஏலத்தில் விடும் அதிகாரம் பல உள்ளாட்சி அமைப்புகளுக்கு உண்டு. சில நாடுகளில் வரிப் பாக்கியைத் தனியார் விலைக்கு வாங்கிக்கொள்ளவும் முடியும். நினைவு தவறக்கூடிய வயதில் வரியை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே செலுத்தும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அடைத்து முடித்த பழைய கடன் பதிவேட்டில் இன்னும் நிலுவையாகத் தெரிந்தால் அதை நீக்கச் செய்யுங்கள். நிலத்தை ஒருமுறை முறையாக அளந்து, எல்லைக் கற்களைப் படமெடுத்து வையுங்கள். பக்கத்து மனைகள் இடிக்கப்பட்டுச் சமதளமாகிவிட்ட பிறகு உங்கள் எல்லை எது என்று நிறுவுவது பலமடங்கு கடினம்.

முதியவர்களின் சொத்தைப் போலிக் கையெழுத்தில் விற்றுவிடும் மோசடி பல நாடுகளில் நடப்பதால், பதிவேட்டை ஆண்டுக்கொருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலப் பதிவுத் துறை 10 சொத்துகள்வரை இலவசமாகக் கண்காணித்து, யாராவது அந்தச் சொத்தின் மீது நடவடிக்கை எடுத்தால் மின்னஞ்சலில் எச்சரிக்கிறது. உங்கள் ஊரில் அப்படிப்பட்ட வசதி இருந்தால் உடனே பதிவு செய்யுங்கள்; இல்லையென்றால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்குங்கள். மூல ஆவணங்களின் சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

மறுப்பை எப்படிச் சொல்வது

வாசலுக்கு வரும் தரகர் மரியாதையாகவே பேசுவார், நலம் விசாரிப்பார், முட்டிவலிக்கு நல்ல மருத்துவரைக்கூடச் சொல்வார். அவரிடம் கடுமையாகப் பேச மனம் வராமல், ‘பார்க்கலாம்’, ‘பையன் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்’ என்று முதியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பேசுபவருக்கு அது மரியாதையான மறுப்பு. கேட்பவருக்கோ அது திறந்திருக்கும் கதவு. ஆகவே வாய்ச்சொல்லை நம்பாமல், மறுப்பை எழுத்தில் கொடுங்கள். இவ்வளவு போதும்: ‘இந்த முகவரியில் உள்ள என் வீட்டை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. இது தொடர்பாக என்னை நேரிலோ தொலைபேசியிலோ அணுக வேண்டாம். எழுத்துமூலமாக ஏதேனும் தெரிவிக்க வேண்டியிருந்தால் என் வழக்கறிஞருக்கு அனுப்பவும்.’ தேதியிட்டுக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பி, நகலைக் கோப்பில் சேருங்கள்.

இந்தக் கடிதத்தில் காரணம் சொல்லாதீர்கள். ‘இந்த வயதில் வேறு வீடு தேடி அலைய முடியாது’ என்று எழுதினால், வீடு தேடித் தருகிறோம் என்று பதில் வரும். ‘இந்த விலைக்கு விற்க முடியாது’ என்று எழுதினால், வேறு விலையோடு வருவார்கள். ஒவ்வொரு காரணமும் ஒரு பேரத்தின் தொடக்கமாக மாறக்கூடியது. உங்கள் வீட்டில் நீங்கள் இருப்பதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதே போல, முன்பணமோ அன்பளிப்போ வீட்டுச் சாமானோ எதையும் ஏற்காதீர்கள். வாங்கிக்கொண்ட சிறு தொகை ஒன்று, வாய்மொழி ஒப்பந்தம் இருந்ததற்கான சான்று என்று பின்னாளில் வாதிடப்படலாம்.

கையெழுத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: கொண்டுவந்த அன்றே எந்தக் காகிதத்திலும் கையெழுத்து இல்லை. விற்பனைப் பத்திரம் என்று தலைப்பிட்டு யாரும் நீட்ட மாட்டார்கள். பக்கத்து மனையில் கட்டடம் எழுப்ப ஆட்சேபம் இல்லை என்ற கடிதமாகவோ, எதிர்காலத்தில் விற்பதானால் எங்களுக்கே முதலில் தருவதாக ஒரு ‘சாதாரண’ உறுதிமொழியாகவோ, அரசு அலுவலகத்தில் உங்களுக்காக அலைவதற்கான அதிகார ஆவணமாகவோ அது வரும். இவற்றில் பொது அதிகார ஆவணம் மிகவும் அபாயகரமானது, ஏனென்றால் அதைப் பெற்றவர் உங்கள் இடத்தில் நின்று விற்பனைப் பத்திரத்திலேயே கையெழுத்திட முடியும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சிறு தொகைக்கு எழுதி வாங்குவதும் இந்தத் தொழிலில் வழக்கமானதே. அதில் கையெழுத்திட்டவர் பிறகு மனம் மாறினாலும், அந்தக் காலம் முடியும்வரை அவருடைய கை கட்டப்பட்டிருக்கும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு ஆவணத்தைப் படித்துக் காட்டுபவர், அதைக் கொண்டுவந்தவராக ஒருபோதும் இருக்கக் கூடாது.

நெருக்கடி வரும் வழிகள்

மறுத்த பிறகு வரும் நெருக்கடி பெரும்பாலும் மிரட்டலாக வருவதில்லை, செய்தியாக வருகிறது. தெருவில் எல்லாரும் கையெழுத்திட்டுவிட்டார்கள், அரசே இந்த இடத்தை எடுக்கப்போகிறது, இன்னும் ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு மதிப்பே இருக்காது என்று ஒவ்வொருவராக வந்து சொல்வார்கள். அண்டை வீட்டாரிடம் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் நீங்கள் கையெழுத்திட்டுவிட்டதாகச் சொல்லப்பட்டிருக்கக்கூடும். விற்க விரும்பாத நான்கு வீட்டார் ஒன்றாகப் பேசிக்கொண்டால் இத்தகைய வதந்திகளில் பாதி அன்றே உதிர்ந்துவிடும்.

ஒரு குறிப்பேட்டைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வையுங்கள். யார் வந்தார், எந்தத் தேதி, எந்த நேரம், என்ன சொன்னார், உடன் யார் இருந்தார் என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். தொல்லை தருகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லும் புகாரைக் காவல் நிலையத்தில் ஒதுக்கிவிடலாம். தேதிவாரியான பதிவோடு வரும் புகாரை ஒதுக்குவது கடினம். வாசலில் கட்டட இடிபாடுகளைக் கொட்டுவது, தெருவிளக்கு உடைவது, குடிநீர்க் குழாய் அடிக்கடி அறுபடுவது போன்றவற்றைப் படமெடுத்து அதே குறிப்பேட்டில் எண்ணிட்டுச் சேருங்கள்.

உங்கள் வீடு பாதுகாப்பற்றது, சுற்றுச்சுவர் சரிகிறது என்றெல்லாம் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் பெயரில்லாத புகார் போவதும் உண்டு. இதைக் கண்டு கோபப்படுவது இயல்பு. என்றாலும் அறிவிப்பில் சொல்லப்பட்ட குறையில் உண்மை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உண்மை இருந்தால், கெடுவுக்குள் சரிசெய்து, படத்தோடு பதில் அனுப்பிவிடுங்கள். இடியும் நிலையில் உள்ள கட்டடம் என்ற சான்றிதழ் ஒருமுறை பதிவாகிவிட்டால், அதை நீக்குவதற்கு ஆகும் செலவு, சுவரைச் சரிசெய்யும் செலவைவிடப் பன்மடங்கு பெரிது.

பக்கத்தில் தோண்டத் தொடங்கும்போது

விற்க மறுத்தவர்களுக்கு உண்மையான சோதனை, சுற்றியுள்ள மனைகளில் வேலை தொடங்கும் நாளில்தான் வருகிறது. சட்டத்தால் பறிக்க முடியாத வீட்டை, அலட்சியமாகத் தோண்டப்படும் ஒரு பள்ளம் குடியிருக்க முடியாததாக்கிவிட முடியும். ஆகவே இந்தப் பகுதியைக் குடும்பத்தில் யாராவது ஒருவர் முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் இயந்திரம் வருவதற்கு முன்பே, உங்களுடைய செலவிலோ அவர்களுடைய செலவிலோ, அவர்களைச் சாராத கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து வீட்டின் தற்போதைய நிலையை ஆவணப்படுத்துங்கள். ஒவ்வொரு அறையின் சுவர், தரை, கூரை, ஜன்னல் மூலை, கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் படமும், ஏற்கெனவே உள்ள விரிசல்களின் நீளமும் அகலமும் அதில் இடம்பெற வேண்டும். இந்த அறிக்கை இல்லாமல், பிறகு தோன்றும் விரிசல் எதைக் காட்டினாலும் ‘பழைய வீடு, முன்பே இருந்தது’ என்ற பதிலே கிடைக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, அண்டைக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதானால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். மேலும் ஆழமான சில தோண்டல்களுக்கு அந்தத் தொலைவு 6 மீட்டராக நீள்கிறது. இத்தகைய சட்டம் இல்லாத இடங்களிலும் அதே தகவல்களை நீங்கள் எழுத்தில் கேட்கலாம்: எவ்வளவு ஆழம் தோண்டுகிறீர்கள், என் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, மண் சரியாமல் எதை வைத்துத் தாங்குகிறீர்கள், அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் அடித்து இறக்குகிறீர்களா துளையிட்டு வார்க்கிறீர்களா, நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றுகிறீர்களா.

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தூண்களைச் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது எழும் அதிர்வு பழைய செங்கல் சுவரை உலுக்கும். துளையிட்டு வார்ப்பதில் அதிர்வு மிகவும் குறைவு. அடித்தளத்துக்காகப் பல வாரங்கள் நீரை இறைத்தால் அக்கம்பக்கத்து நிலத்தடி நீர்மட்டம் தாழும். களிமண் போன்ற மண்வகைகள் ஈரம் வற்றிச் சுருங்கும்போது ஆழமில்லாத பழைய அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கும். அப்படி இறங்குவதன் முதல் அடையாளம் ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலும், இதுவரை எளிதாக மூடிய கதவு திடீரென்று நிலையில் உரசுவதும் ஆகும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். பிரிட்டிஷ் பொறியாளர்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டில் 1 மில்லிமீட்டர்வரை மிக மெல்லியது, 5 மில்லிமீட்டர்வரை சிறியது, 5 முதல் 15 மில்லிமீட்டர்வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்று விரிசல்களைப் பிரிக்கிறார்கள். ஆயினும் இன்றைய அகலத்தைவிட, அது வாரத்துக்கு வாரம் வளர்கிறதா என்பதே பெரிய எச்சரிக்கை. வளர்கிறது என்றால் அன்றே எழுத்துமூலம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளாட்சிப் பொறியாளருக்கும் நகல் அனுப்புங்கள். நிறுத்தாவிட்டால் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள்.

விரிசலைப் போலவே மழைநீரையும் கவனியுங்கள். புதிய கட்டடத்தின் மனையை மண் போட்டு உயர்த்தும்போது, எத்தனையோ ஆண்டுகளாகத் தாமாக வடிந்த நீர் உங்கள் முற்றத்தில் தேங்கத் தொடங்கும். அவர்கள் தரையை உயர்த்தும் கட்டத்திலேயே வடிகால் எங்கே போகிறது என்று கேட்டு எழுதி வாங்காவிட்டால், கட்டடம் முடிந்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாரந்தூக்கியின் நீண்ட கை உங்கள் கூரைக்கு மேலாகச் சுழல்வதற்கும், மண்ணைத் தாங்கும் இரும்புக் கம்பிகளை உங்கள் நிலத்துக்கு அடியில் செலுத்துவதற்கும் பல நாடுகளில் உங்கள் அனுமதி தேவை. அனுமதி கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். கொடுப்பதானால் காப்பீடும், நேர வரம்பும், சேதத்துக்கு முழுப் பொறுப்பும் எழுத்தில் வந்த பிறகே கொடுங்கள். உங்களிடம் பேரம் பேசுவதற்கு உள்ள நியாயமான வலிமைகளில் இதுவும் ஒன்று.

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் வேரா கோக்கிங் என்ற பெண்மணி தம் வீட்டை விற்க மறுத்தபோது, 1970களின் இறுதியில் ஒரு சூதாட்ட விடுதிக்கான இரும்புச் சட்டகம் அவர் வீட்டைச் சுற்றியும் மேலாகவும் எழுப்பப்பட்டது. பணம் தீர்ந்து வேலை நின்றுபோய், அந்தத் துருவேறிய சட்டகம் 1993 வரை அங்கேயே நின்றது. அத்தனை ஆண்டுகளும் அவர் அந்த வீட்டில்தான் வாழ்ந்தார். அவர் உறுதியை நான் மதிக்கிறேன். அதே சமயம், எல்லா முதியவர்களிடமும் அந்த அளவு தாங்குதிறனை எதிர்பார்ப்பது நியாயமன்று. குடும்பமும் அக்கம்பக்கமும் கூட நின்று சுமையைப் பகிர்ந்துகொள்வதற்கான அவசியம் அங்கேதான் பிறக்கிறது.

அரசு கையகப்படுத்தும் என்றால்

வீடு முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால், தனியார் நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும், உங்கள் சம்மதமின்றி அதை வாங்க முடியாது. அரசால் முடியும். பொதுநோக்கத்துக்காக இழப்பீடு கொடுத்து நிலத்தை எடுக்கும் அதிகாரம் ஏறத்தாழ எல்லா அரசுகளுக்கும் இருக்கிறது. சில இடங்களில் தனியார் திட்டங்களுக்காகவும் அது பயன்படுத்தப்படுகிறது. அதே வேரா கோக்கிங்கின் வீட்டை, பக்கத்திலிருந்த டொனால்ட் டிரம்பின் சூதாட்ட விடுதிக்கு வாகன நிறுத்துமிடம் அமைப்பதற்காக ஒரு மாநில அமைப்பு கையகப்படுத்த முயன்றது; எடுக்கப்படும் நிலம் பொதுநோக்கத்துக்கே பயன்படும் என்பதற்கு உறுதி இல்லை என்று 1998இல் நீதிமன்றம் அந்த முயற்சியைத் தடுத்தது. ஆனால் 2005இல் கனெடிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகர வழக்கில், பொருளாதார வளர்ச்சிக்காகத் தனியாரிடம் ஒப்படைக்கும் நோக்கத்தோடும் வீடுகளை எடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவரான வில்ஹெல்மினா டெரி, 1918இல் அதே வீட்டில் பிறந்து வாழ்நாள் முழுவதும் அங்கேயே வசித்தவர். வீடுகள் அகற்றப்பட்ட நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தது. அத்தீர்ப்பு எழுப்பிய எதிர்ப்பால் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்தின.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம், அரசு எடுக்கப்போகிறது என்று தரகர் சொல்வதை நம்பாமல், அறிவிக்கை எண்ணைக் கேட்டு உரிய அலுவலகத்தில் சரிபார்ப்பது. அறிவிப்பு உண்மையிலேயே வந்தால், கோபத்தில் அதை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் வாங்க மறுத்தாலும் ஆட்சேபம் தெரிவிப்பதற்கான கெடு ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கெடுவுக்குள் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எதிர்க்கலாம்: நோக்கம் உண்மையில் பொதுநோக்கமா, உங்கள் நிலம் அதற்கு அவசியமா, இழப்பீடு போதுமானதா. எடுப்பதைத் தடுக்க முடியாத நிலையிலும் மூன்றாவது கேள்விக்குப் போராட இடம் இருக்கும். சீனாவின் வென்லிங் நகரில் 2012இல் முதியவர் ஒருவர் வெளியேற மறுத்ததால், புதிய சாலை அவருடைய வீட்டைச் சுற்றி இரு பக்கமும் விலகிச் சென்றது. அந்தப் படம் உலகெங்கும் பரவிய சில நாட்களில் அவர் இழப்பீட்டை ஏற்று வெளியேறினார், வீடு இடிக்கப்பட்டது. படம் பரவியதைத் துணையாகக் கொள்ளலாம். கெடுவுக்குள் கொடுத்த ஆட்சேப மனுவுக்கு அது ஈடாகாது.

பிள்ளைகளும் மனநிலைச் சான்றும்

இவ்வளவு பணம் வருகிறபோது வேண்டாம் என்கிறாரே, அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பிள்ளைகளே பேசத் தொடங்குவது, முதியவர்களை மற்ற எதையும்விட ஆழமாகக் காயப்படுத்துகிறது. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்கு அறிவற்றதாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும், முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லை என்று கருதக் கூடாது. எந்த நாட்டிலும் ஒரு குடும்பம் தன் கொள்கையாக வைத்துக்கொள்ளத் தகுந்த வரி இது.

ஆனாலும் வருமுன் காப்பது நல்லது. தெளிவாக இருக்கும் காலத்திலேயே உயில் எழுதுங்கள். எழுதும் நாளில் மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று பெற்று இணையுங்கள். வீட்டைப் பற்றிய விருப்பத்தையும், எந்த நிலை வந்தால் விற்கலாம் என்பதையும் உங்கள் சொற்களிலேயே எழுதி வையுங்கள். உங்களால் முடியாத காலத்தில் பணத்தையும் மருத்துவத்தையும் கவனிப்பவர் யார் என்று சட்டப்படி நியமிக்கும்போது, வீட்டை விற்கும் அதிகாரத்தை அதிலிருந்து விலக்கியோ, இருவர் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே செல்லும் என்று வரையறுத்தோ வைக்கலாம். அன்பின் பேரில் வீட்டை இப்போதே பிள்ளையின் பெயருக்குத் தானமாக எழுதிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கடனும், தொழில் நட்டமும், மணமுறிவும் உங்கள் வீட்டைத் தேடி வந்துவிடும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், உங்கள் ஆயுட்காலம்வரை குடியிருக்கும் உரிமையை அதே பத்திரத்தில் நிறுத்திவையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுவனத்தார் உங்களைத் தனியே சந்தித்துப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டால், அந்தச் சந்திப்பைப் பற்றி அன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்த ஒரு சந்திப்பு வெளிப்பட்டால், பிறகு நீங்கள் தரும் நல்ல யோசனையைக்கூட அவர்கள் நம்ப மாட்டார்கள்.

உடம்பும் வீடும் தாங்க வேண்டும்

சட்டம் எல்லாம் உங்கள் பக்கம் இருந்தும், ஒரே ஒரு விழுகை அத்தனையையும் முடித்துவைத்துவிடலாம். விழுவதால் உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது; அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். படுக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் அமைப்பது, இரவில் நடக்கும் வழியில் விளக்குப் போடுவது ஆகியவை இந்த வழிகாட்டியிலேயே செலவு மிகக் குறைந்த வேலைகள். கூரை, மின்கம்பி, குழாய் ஆகியவற்றின் பராமரிப்புக்கென்று தனித் தொகை ஒதுக்குங்கள். பராமரிக்காத வீட்டில் இருப்பது நாளடைவில் முதியவருக்கே சலித்துப்போகும்.

அக்கம்பக்கத்தார் விற்றுப் போய்விட்ட தெருவில், காலையில் கதவு திறக்கவில்லை என்று கவனிக்க ஆள் இருக்காது. நாள்தோறும் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரின் பாலார்ட் பகுதியில் ஈடித் மேஸ்ஃபீல்ட் என்ற மூதாட்டி, 2006இல் தம் சிறு வீட்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னதை மறுத்தார் என்று செய்திகள் கூறின. வீட்டின் மூன்று பக்கமும் வணிகக் கட்டடம் எழுந்தது. அந்தக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட மனிதரே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சமைத்துக் கொடுத்து, கடைசிவரை கவனித்துக்கொண்டார். 2008இல் 86 வயதில் அவர் விரும்பியபடி தம் வீட்டிலேயே இறந்தார்; வீட்டை அந்த மனிதருக்கே எழுதி வைத்திருந்தார். அந்த நட்பு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், வாங்க விரும்பும் தரப்பைச் சேர்ந்த ஒருவர் முதியவரின் ஒரே துணையாக ஆகும் நிலை வேறு இடங்களில் பெருந்தீங்காக முடியக்கூடும். உறவினர்களும் நண்பர்களும் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடக் கூடாது. மறுபுறம், பணித்தள மேலாளரின் பெயரையும் எண்ணையும் தெரிந்து வைத்துக்கொண்டு, இரைச்சல் நேரம், தூசு, வாசல் வழி ஆகியவற்றை அவரோடு நல்ல முறையில் பேசித் தீர்ப்பதில் எந்தத் தவறும் இல்லை.

மனம் மாறினால்

மறுத்தவர் பிறகு விற்கவே கூடாது என்பதில்லை. துணைவர் இறந்துபோகலாம், மகள் வீட்டுக்கருகில் இருக்க விருப்பம் தோன்றலாம், உடல்நிலை வேறு ஏற்பாட்டைக் கேட்கலாம். பிடிவாதக்காரர் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக விருப்பமில்லாத வீட்டில் ஒருவர் கிடக்க வேண்டியதில்லை. வேரா கோக்கிங்கும் முதுமையில் தம் குடும்பத்தாருக்கு அருகில் குடிபெயர்ந்தார். வீடு 2014இல் 5,30,000 டாலருக்கு ஏலத்தில் விலைபோனது. அது ஒருகாலத்தில் அவர் மறுத்த தொகையைவிடக் குறைவு என்று சிலர் கணக்குச் சொல்வதுண்டு. இடைப்பட்ட ஆண்டுகளை அவர் விரும்பிய இடத்தில் வாழ்ந்தார் என்பதை அந்தக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை.

விற்பதாக முடிவானால், உங்களுக்காக மட்டும் பேசும் வழக்கறிஞரையும், உங்கள் செலவில் வரும் மதிப்பீட்டாளரையும் அமர்த்துங்கள். நிறுவனம் இலவசமாகத் தரும் வழக்கறிஞர் நிறுவனத்தின் வழக்கறிஞரே. மதிப்பீட்டைத் தனி வீடாக மட்டும் செய்யாமல், பக்கத்து மனைகளோடு சேரும்போது அந்நிலத்துக்கு வரும் கூடுதல் மதிப்பையும் கணக்கிடச் சொல்லுங்கள். கடைசியாக எஞ்சிய மனையின் உண்மையான விலை அதில்தான் இருக்கிறது. உயிருள்ளவரை அங்கேயே குடியிருந்து, அதன் பின் ஒப்படைப்பதாகவும் விற்க முடியும். உடனே காலி செய்வதானால், முழுத் தொகை வங்கியில் சேர்வதற்கு முன் சாவியைக் கொடுக்காதீர்கள். புதிய கட்டடத்தில் ஒரு குடியிருப்பு தருவதாகச் சொன்னால், அது எந்தத் தளம், எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்குள், தாமதமானால் மாதாமாதம் எவ்வளவு, அதுவரை வாடகை யார் கொடுப்பது, நிறுவனம் நொடித்துப்போனால் உங்கள் பணத்துக்கு எந்த வங்கி உத்தரவாதம் என்ற ஆறும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை எழுத மறுத்தாலும், பழைய மறுப்புக் கடிதத்தின் நகலில் புதிய தேதியிட்டு மீண்டும் அனுப்பலாம்.